கதவில் இருப்பது பேய் நாயின் நகக்குறியா? ஓர் ஆங்கிலக் கிராமத் தேவாலயமும் ‘பிளாக் ஷக்’ கதையும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் பகுதியில் பிளைபரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. லண்டனிலிருந்து வடகிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். மொத்தமே சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால், அங்குள்ள தேவாலயத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய நகரத்துக்காகக் கட்டியதைத் தூக்கிவந்து இங்கே வைத்ததுபோல இருக்கும். பிளைத் ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்துக்கு மேலே, ஒரு மேட்டில் அந்தப் பரிசுத்த திரித்துவ ஆலயம் தனியாக நிற்கிறது. ‘சதுப்பு நிலத்துப் பேராலயம்’ என்பது அதன் செல்லப்பெயர்.

உள்ளே வருகிற வெளியூர்க்காரர்களில் பலர் முதலில் தேடுவது பலிபீடத்தை அல்ல, வடக்கு வாசல் கதவை. பழைய மரக்கதவு. அதில் ஆங்காங்கே கருகிய வடுக்கள். சூடு போட்டதுபோல மரத்துக்குள் இறங்கியிருக்கின்றன. ‘பிசாசின் விரல் தடங்கள்’ என்று ஊரில் சொல்வார்கள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது கரிய நாய் ஒன்று ஆலயத்துக்குள் பாய்ந்து ஆட்களைக் கொன்றது, வெளியேறும்போது கதவில் நகத்தைப் பதித்துவிட்டுப் போனது என்பது கதை. அந்த நாயின் பெயர்தான் ‘பிளாக் ஷக்’.

கட்டுக்கதை என்று தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால், அன்று அங்கே ஆட்கள் செத்தது கட்டுக்கதை இல்லை.

அன்று காலை நடந்தது என்ன?

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எலிசபெத். ஷேக்ஸ்பியருக்கு வயது 13. அந்தக் காலத்து இங்கிலாந்தின் வரலாற்றுக்குப் பெரும் ஆதாரமாக இருப்பது ஹோலின்ஷெட் என்பவரின் பெயரால் வந்த வரலாற்றுத் தொகுப்பு. 1587-ல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

அதன்படி, காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், பிளைபரோ ஆலயத்தில் போதகர் இரண்டாவது வேதபாடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடியும் மின்னலும் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கின. தரையில் ஏறக்குறைய ஒரு கஜ ஆழத்துக்குப் பள்ளம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த 20-க்கும் மேற்பட்டோர் அப்படியே சாய்ந்தார்கள். சுவர் பிளந்தது, ஒரு கதவும் பிளந்தது. பிறகு கோபுரத்தில் மரச்சட்டங்கள் சிதறின, மணிகளின் அமைப்பு நொறுங்கியது. அதன் பிறகு புயல் பங்கே என்ற நகரத்தை நோக்கிப் போனது. விழுந்தவர்கள் அரைமணி நேரத்துக்கும் மேலாகத் தரையிலேயே கிடந்தார்கள். அவர்களில் 40 வயதைத் தாண்டிய ஒருவரும் 15 வயதுப் பையன் ஒருவனும் பிணமாகக் கிடந்தார்கள். மற்றவர்களுக்குத் தீக்காயம்.

பங்கேயில் அதே காலையில் புனித மரியாள் ஆலயத்திலும் சாவு விழுந்தது. அந்த ஆலயப் பதிவேட்டில் இரண்டு பெயர்கள் உள்ளன: ஜான் ஃபுல்லர், ஆடம் வாக்கர். ஜெப நேரத்தில், மணிக்கூண்டில், புயலில் கொல்லப்பட்டார்கள் என்று குறிப்பு சொல்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு ஆவணங்களிலும் இடி இருக்கிறது, மின்னல் இருக்கிறது, செத்தவர்கள் இருக்கிறார்கள். நாய் மட்டும் இல்லை.

சரி, நாய் எங்கிருந்து வந்தது?

லண்டன் அச்சகத்திலிருந்து வந்தது. அந்த ஆண்டிலேயே ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் இந்தப் புயலைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘விசித்திரமும் பயங்கரமுமான ஓர் அதிசயம்’ என்ற பொருளில் தலைப்பு. முகப்பிலேயே கரிய நாயின் மரச்செதுக்குப் படம். இன்றைய யூடியூப் முகப்புப் படங்களுக்கு இருக்கும் அதே சாமர்த்தியம்!

ஃபிளெமிங் சம்பவத்தை நேரில் பார்த்தவர் அல்ல. பேனாவை நம்பிப் பிழைத்தவர். லத்தீன் நூல்களை மொழிபெயர்ப்பார், பெரிய நூல்களுக்கு அட்டவணை தயாரிப்பார், பதிப்பாளர் கேட்டதை எழுதித் தருவார். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. புயலுக்கு முந்தைய ஆண்டான 1576-ல் அவர் மொழிபெயர்த்து வெளியிட்ட நூல், ஜான் கையஸ் என்ற மருத்துவர் லத்தீனில் எழுதிய ‘ஆங்கில நாய்கள்’. வேட்டைநாய், காவல்நாய், மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் என்று இங்கிலாந்து நாய்களை வகை பிரித்துச் சொல்லும் நூல் அது. அவர் தலைக்குள் நாய்கள் அப்போதுதான் ஓடி முடித்திருந்தன என்று நினைத்தால் தப்பில்லை.

அவர் சொல்லும் கதை இப்படிப் போகிறது. பங்கே ஆலயத்தில் மின்னலுக்கு நடுவே கரிய நாய் ஒன்று தோன்றுகிறது. அது நாயா, நாய் உருவில் வந்த பிசாசா என்பதை அவர் உறுதியாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் ஓடுகிறது. மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த இருவருக்கு நடுவே பாய்ந்து, ஒரே நொடியில் இருவர் கழுத்தையும் திருகிவிடுகிறது. இன்னொருவர் முதுகைப் பிடிக்கிறது. அவர் நெருப்பில் காட்டிய தோல்போலச் சுருங்கிப்போகிறார், ஆனால் உயிர் போகவில்லை. அதே நாய் பிளைபரோவிலும் தோன்றுகிறது. முன்பு சிலுவை நின்றிருந்த உத்தரத்தின் மேல் உட்கார்கிறது, அங்கிருந்து ஊஞ்சல்போலத் தாவி இறங்கி இரண்டு ஆண்களையும் ஒரு பையனையும் கொல்கிறது, ஒருவர் கையைச் சுட்டுவிடுகிறது.

நாயைத் தோல்போல உரித்துவிட்டுப் படித்தால், உள்ளே இருப்பது மின்னல் தாக்கிய ஆலயம்தான். தசைகள் முறுக்கிக்கொள்வது, தீக்காயம், பக்கத்தில் இருப்பவர் செத்துப்போக இன்னொருவர் தப்புவது எல்லாமே மின்னல் செய்யக்கூடியவை. தட்டையான சதுப்பு நிலத்தில் ஓங்கி நிற்கும் ஒரே பொருள் ஆலயக் கோபுரம். அதன் மேல் விழும் மின்னல் கடிகாரக் கம்பி, மணிகளின் இரும்பு என்று கிடைத்த வழியில் இறங்கும். பங்கேயில் கடிகாரத்தின் கம்பிகளும் சக்கரங்களும் முறுக்கிப் பிய்ந்து கிடந்ததாக ஃபிளெமிங்கே எழுதியிருக்கிறார். ஈரம் ஊறிய கல்லுக்குள் மின்னல் புகுந்தால் நீர் ஒரு கணத்தில் ஆவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். மணிக்கூண்டில் இருந்த இருவர் செத்ததில் ஆச்சரியமில்லை. இடிதாங்கியைப் பற்றி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பேச ஆரம்பிக்க இன்னும் 170 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

இடிச் சத்தத்துக்கு மிரண்டுபோன ஊர்நாய் ஒன்று நிஜமாகவே ஆலயத்துக்குள் ஓடி வந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நாய் வளர்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால், கரிய நாயைப் பிசாசாக்குவதற்கு அந்தக் காலத்தில் நிஜ நாய் தேவைப்படவில்லை. 1566-ல் பக்கத்து எசெக்ஸ் பகுதியில், செம்ஸ்ஃபோர்டு நகரில் நடந்த சூனியக்காரி வழக்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, குரங்கு முகமும் கொம்பும் கொண்ட கரிய நாய் போன்ற ஒன்று தன்னிடம் வந்ததாகச் சாட்சி சொன்னாள். பிசாசு நாய் வடிவில் வரும் என்பது கேட்பவர்களுக்குப் பழகிய சேதிதான். ஃபிளெமிங்குக்கு வேண்டியது, பாவத்தை விட்டுத் திரும்புங்கள் என்று வாசகரை உலுக்குவது. வெறும் இடி விழுந்தது என்றால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

இதில் முத்தாய்ப்பான தகவல் இனிமேல்தான் வருகிறது. நாயே இல்லாத அந்த 1587 வரலாற்றுத் தொகுப்பைச் சரிபார்த்துப் பதிப்பித்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? இதே ஆபிரகாம் ஃபிளெமிங்! பத்து ஆண்டுகளுக்கு முன்னால் தானே ஓடவிட்ட நாய்க்கு, நாட்டின் வரலாற்றில் அவர் இடம் கொடுக்கவில்லை.

‘ஷக்’ என்ற பெயரும் ஃபிளெமிங் வைத்தது அல்ல. பழைய ஆங்கிலத்தில் பேய், பிசாசு என்று பொருள்படும் ‘ஷுக்கா’ என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்பது பரவலான கருத்து. அச்சில் அது முதலில் தென்படுவது 1850-ல்தான். நார்ஃபோக் பகுதியில் கல்லறைத் தோட்டங்களில் நள்ளிரவில் நடமாடும், நெருப்புக் கண் கொண்ட சடைநாய் பற்றி ஒரு பாதிரியார் பத்திரிகைக்கு எழுதினார். அதைப் பார்த்தவர் வீட்டில் ஆண்டு முடிவதற்குள் சாவு விழும் என்பது நம்பிக்கை. பாதையில் திரிந்த இந்தக் கிராமத்து நாயும், அச்சில் பிறந்த 1577 நாயும் எப்போதோ ஒன்றாகிவிட்டன.

கதவில் இருப்பது என்ன?

இங்கேதான் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. நகக்குறி பற்றி ஃபிளெமிங் எழுதியிருக்கிறார். ஆனால், அவர் சொன்னது பங்கே ஆலயத்தின் கல்லையும் கதவையும் பற்றி. பிளைபரோ கதவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடு ஓர் ஊரில் இருக்கிறது, நகக்குறி பற்றிய எழுத்து இன்னோர் ஊரைப் பற்றி இருக்கிறது. நடுவில் பறவை பறக்கும் தூரமே 18 கிலோமீட்டர். காலம் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது.

மின்னல் கருக்கிய தடமாக இருக்குமா? மின்னல் மரத்தைப் பிளக்கும், நார்நாராகக் கிழிக்கும். துளித்துளியாக, வரிசையில் நின்று சூடு போடாது. இந்த மாதிரி வடுக்கள் இங்கிலாந்து முழுக்கப் பழைய வீடுகளின் உத்தரங்களிலும் அடுப்படி நிலைகளிலும் தொழுவக் கதவுகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மேலே கூர்ந்து, கீழே பருத்த கண்ணீர்த்துளி வடிவம். மெழுகுவர்த்தியோ திரியோ தவறுதலாகப் பட்ட தடங்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் பழைய மரத்தில் திரியை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. சும்மா சுடர் பட்டால் மேலே கரி படியுமே தவிர, குழி விழாது. இப்படி ஆழமாக வர வேண்டுமென்றால், சுடரைச் சாய்வாகப் பிடித்து, பல நிமிடம் கை அசையாமல் காத்திருக்க வேண்டும். அதாவது, யாரோ வேண்டுமென்றே உட்கார்ந்து செய்த வேலை. ஏன் செய்தார்கள் என்பதற்கு எழுத்தில் விளக்கம் கிடைக்கவில்லை. கொஞ்சம் நெருப்பை மரத்துக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் பெரிய நெருப்பும் மின்னலும் கெட்ட ஆவியும் அண்டாது என்ற நம்பிக்கையாக இருக்கலாம் என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். அம்மைக்குத் தடுப்பூசி போடுவதுபோல.

பிளைபரோ கதவின் வடுக்கள் அந்த வகைத் தடங்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. அது சரியென்றால், பிசாசு வெளியே போனபோது பதித்த தடம் என்று காட்டப்படுவது, பிசாசு உள்ளே வரக் கூடாது என்று ஊர்க்காரர் எவரோ பொறுமையாக இட்ட காப்பு.

கூரையில் இன்னொரு ‘குற்றவாளி’

கதவிலிருந்து தலையை நிமிர்த்தினால் பிளைபரோவின் உண்மையான செல்வம் தெரியும். ஆலயத்தின் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஊர் அப்போது துறைமுகம், ஆற்றில் கப்பல்கள் வந்துபோன காலம். பிறகு ஆறு மண்மூடித் துறைமுகம் படுத்துவிட்டது, ஆலயம் மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது. சாயம் தீட்டிய மரக்கூரையின் நடுவில், இறக்கை விரித்த தேவதூதர்கள் முதுகோடு முதுகு ஒட்டியபடி மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக இருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளின் வெயிலும் ஈரமும் சாயத்தை மங்கவைத்திருந்தாலும் பார்ப்பவர் கழுத்து வலிக்கிற வரை பார்க்கத்தான் செய்கிறார்கள்.

அந்த இறக்கைகளில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். யார் சுட்டது? ரொம்பக் காலம் சொல்லப்பட்ட பதில்: வில்லியம் டவுசிங்.

டவுசிங் நிஜ மனிதர். உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஆலயங்களில் உள்ள படங்களும் சிலைகளும் மூடநம்பிக்கை என்று பியூரிட்டன்கள் ஒழித்துக்கொண்டிருந்தபோது, கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் ஆலயங்களுக்கு அந்த வேலைக்காகவே நியமிக்கப்பட்டவர். போன இடத்தில் எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதி வைத்தார். 1644 ஏப்ரல் 9 அன்று பிளைபரோவுக்கு வந்தார். மூடநம்பிக்கைப் படங்கள் 20, சிலுவைகள் 2 என்று எண்ணி எழுதியிருக்கிறார். 20 தேவதூதர்களை இறக்க வேண்டும் என்றும், இன்னும் 200-க்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறார். அவருடைய ஆட்கள் குதிரைகளை ஆலயத் தூண்களிலேயே கட்டினார்கள், கூரையைப் பார்த்துச் சுட்டார்கள் என்று ஊரில் கதை வளர்ந்தது. தூண்களில் இருக்கும் வளையங்களைக்கூட அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

20-ஆம் நூற்றாண்டில் கூரையைப் பழுதுபார்த்தபோது அந்தத் துளைகளிலிருந்து ஈய ரவைகள் கிடைத்தன. அவை டவுசிங்குக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவை. ஆலயக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் விடை வெட்டவெளிச்சமாக இருக்கிறது. 1761-ல், ஆலயத்துக்குள் கூடுகட்டித் தொல்லை கொடுத்த ஜாக்டா பறவைகளைச் சுடுவதற்காக வெடிமருந்துக்கும் ரவைக்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஜாக்டா, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவை. அதைக் குறிவைத்த ரவைதான் தேவதூதர்கள் மேல் பட்டிருக்கிறது. சுட்டது ஊர்க்காரர்கள், பழி டவுசிங் மேல்.

டவுசிங் ஒன்றும் அப்பாவி இல்லை. அவர் உத்தரவில் எத்தனையோ கண்ணாடி ஓவியங்கள் நொறுங்கின. ஆனால், செய்யாத வேலைக்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கெட்ட பெயர். ஊருக்கு ஒரு வில்லன் கிடைத்துவிட்டால், எல்லா ஓட்டைக்கும் அவனே காரணம்.

டிரம் அடித்தவரின் கதை

நாய், டவுசிங் இருவரும் பழியைத் தாங்கிக்கொள்ளக்கூடியவர்கள். மூன்றாவது ஆள் அப்படியில்லை. 1750-ல் பிளைபரோவில் தங்கியிருந்த குதிரைப்படையில் டோபியாஸ் கில் என்ற கறுப்பின டிரம் வாசிப்பாளர் இருந்தார். ஆன் பிளாக்மோர் என்ற பெண் ஊருக்கு வெளியே திறந்தவெளியில் இறந்துகிடந்தார். பக்கத்தில் குடிபோதையில் கில் கிடந்ததாகச் சொல்லி, கொலைக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு நடந்து, தண்டனை உறுதியாகி, அதே ஆண்டில் பிளைபரோவிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவர்தான் குற்றவாளியா என்ற சந்தேகம் பின்னாளில் பலருக்கு வந்தது. ஊர் அவரை அதற்குள் பேயாக்கிவிட்டது. தலையில்லாத குதிரைகள் பூட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு இரவில் ‘பிளாக் டோபி’ வருவார் என்று கதை. கரிய நாய் திரிந்த அதே நிலத்தில், கறுப்பர் ஒருவரும் பேயாகத் திரிகிறார் என்று நம்புவதற்கு அந்தக் கால மக்களுக்கு ரொம்பப் பிரயாசை தேவைப்பட்டிருக்காது. ‘டோபி நடந்த இடம்’ என்ற பொருளில் அந்தத் திறந்தவெளி இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இப்போது குடும்பத்தோடு வந்து சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்கும் இடம் அது.

நாய் இன்று எப்படி இருக்கிறது?

நன்றாகவே இருக்கிறது. பங்கே நகரம் நாயைத் தத்தெடுத்துக்கொண்டது. சந்தைத் திடலில் 1933-ல் வைத்த காற்றுத்திசைகாட்டியில் மின்னலோடு ஓடும் கரிய நாய் இருக்கிறது. ஊரின் அதிகாரபூர்வச் சின்னத்திலும் அதே நாய். ஆர்தர் கோனன் டாயில் 1901-ல் நார்ஃபோக் கடற்கரையில் தங்கியிருந்தபோது கேட்ட நாய்க் கதைதான் ஷெர்லாக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் வேட்டைநாயாக மாறியது என்று சொல்பவர்களும் உண்டு, டார்ட்மூர் பகுதிக் கதைதான் மூலம் என்று சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு.

2013-ல், பிளைபரோவிலிருந்து அதிகத் தொலைவில்லாத லெய்ஸ்டன் மடாலய இடிபாடுகளில் அகழாய்வு நடந்தது. பெரிய நாய் ஒன்றின் எலும்புக்கூடு முழுசாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு பத்திரிகைகள் விடவில்லை. நரகத்து நாயின் எலும்பே கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்கத் தலைப்பு. ஃபிளெமிங் இருந்திருந்தால் ரசித்திருப்பார். கார்பன் காலக்கணிப்பு செய்தபோது, நாய் வாழ்ந்தது 1577-க்குப் பல பத்தாண்டுகள் கழித்து என்று தெரிந்தது. யாரோ ஆசையாக வளர்த்து, செத்த பிறகு கவனமாகப் புதைத்த நாயாகத்தான் இருக்க வேண்டும்.

பிளைபரோ ஆலயம் நாயையும் டவுசிங்கையும் தாண்டிப் பிழைத்தது. உண்மையில் அதைச் சாய்க்கப் பார்த்தது கவனிப்பாரின்மைதான். 19-ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, ஆராதனைக்கு வந்தவர்கள் குடை பிடித்து உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். 1881-ல் ஆபத்தான கட்டடம் என்று மூடியே விட்டார்கள். பிறகு பணம் திரட்டிப் பழுதுபார்த்துத் திறந்தார்கள். இப்போது போகிறவர்கள் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கைகளின் ஓரத்தில் செதுக்கிய உருவங்களையும் பார்க்கலாம். பெருந்தீனிக்காரர் தொந்தியைப் பிடித்திருக்கிறார், சோம்பேறி படுக்கையில் கிடக்கிறார், அவதூறு பேசுபவர் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார். கடிகாரத்துக்காக 1682-ல் செய்த கவசம் அணிந்த மரப்பொம்மை ஒன்று கோடரியால் மணி அடிக்கும்.

பங்கேயில் செத்த இருவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. பிளைபரோவில் செத்த அந்த 15 வயதுப் பையனின் பெயர் வரலாற்றுத் தொகுப்பிலும் இல்லை, ஃபிளெமிங்கின் சிறு நூலிலும் இல்லை.